ஒரு கெட்டில், ஒரு ரைஸ் குக்கர், ஒரு குங்குமச் சிமிழ்: மாமாவின் உப்புக் கணக்கு

மாமாவுக்கு 72 வயது. அம்மாவின் தம்பி. திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனின் இரண்டாவது மாடியில், கட்டில் போட்டது போக ஒரு பாய் விரிக்க மட்டும் இடம் இருக்கிற அறையில் 31 வருஷமாக இருக்கிறார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அச்சகத்தில் புரூஃப் பார்த்துப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டு ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்று நானும் அம்மாவும் எத்தனையோ முறை கேட்டாயிற்று, அவர் வரமாட்டார், அந்தப் பேச்சை இத்தோடு விட்டுவிடுகிறேன். அந்த அறையை விட்டு நகராமல் ஒரு நாளைக்கு 13 கிராமில் இருந்த உப்பை எப்படி 5 கிராமுக்குக் கொண்டுவந்தோம், நடுவில் நான் செய்த தப்பு என்ன என்பதை மட்டும் சொல்கிறேன். நான் டாக்டர் இல்லை. அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள், அந்தப் புத்திதான் இதில் உதவியது, அதுவேதான் ஒரு தடவை கவிழ்த்தும் விட்டது.

முதலில் அறையில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். ஒன்றரை லிட்டர் கெட்டில். ஒரு லிட்டர் ரைஸ் குக்கர், மேலே வைக்கிற ஆவித் தட்டோடு. நாலைந்து எவர்சில்வர் டப்பா, ஒரு கத்தி, இரண்டு தட்டு. ஃப்ரிட்ஜ் கிடையாது. கேஸ் வைக்கக் கூடாது என்பது மேன்ஷன் விதி. இண்டக்‌ஷன் அடுப்பு ஒன்று வாங்கிக் கொடுத்தேன், போட்ட அன்றைக்கே அந்த மாடி முழுக்கக் கரண்ட் போய், பதினெட்டு அறைக்காரர்களும் வராந்தாவுக்கு வந்து மாமாவை ஒரு பார்வை பார்த்தார்களாம், அதோடு அது என் வீட்டுப் பரண் ஏறிவிட்டது. பாத்திரம் கழுவ வராந்தா கோடியில் இருக்கிற பொதுக் குழாய்தான். அதனால் இரண்டு பாத்திரத்துக்கு மேல் அழுக்காக்குகிற எந்தச் சமையலும் இங்கே செல்லாது.

போன ஆகஸ்டில் மாமாவின் பாதம் வீங்கியது. செருப்பின் வார் பதிந்த இடம் சாயங்காலம் வரை பள்ளமாகவே இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பிரஷர் 170/96. ஏற்கெனவே டெல்மிசார்டன் என்கிற பிரஷர் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். ரத்தத்தில் கிரியேட்டினின் 1.5, அதாவது சிறுநீரகமும் லேசாக முனக ஆரம்பித்திருக்கிறது. நீர் பிரிவதற்குக் குளோர்தாலிடோன் சேர்த்தார் டாக்டர், உப்பை ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் வைக்கச் சொன்னார். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்கிற அளவும் அதுதான், 5 கிராமுக்குக் குறைவாக, சோடியமாகச் சொன்னால் 2 கிராமுக்குக் குறைவாக. வெளியே வரும்போது ஒரு அச்சடித்த தாள் கொடுத்தார்கள். கேழ்வரகு தோசை, காய்கறி கிச்சடி, முளைகட்டிய பயறு அடை, புதினா சட்னி. பத்துப் பதார்த்தத்தில் எட்டுக்கு அடுப்பும் மிக்ஸியும் வேண்டும். மாமா தாளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இதுல 'கேழ்வரகு'க்கு ழ-வுக்குப் பதிலா ள போட்டுட்டான் பாரு" என்று ஒரு பிழையைக் காட்டினார், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதற்கப்புறம் அந்தத் தாளை நான் பார்க்கவில்லை.

உப்பு எங்கிருந்து வந்தது

ஒரு வாரம் அவர் வாயில் போட்டதையெல்லாம் நோட்டில் எழுதச் சொன்னேன். புரூஃப் பார்த்தவர், ஒன்று விடாமல் எழுதினார், டீக்கடைக்காரர் கொசுறாகக் கொடுத்த மிக்சரைக்கூட. பாக்கெட்டில் வருகிற பண்டம் என்றால் கணக்குச் சுலபம்: பின்பக்கம் சோடியம் எத்தனை மில்லிகிராம் என்று போட்டிருக்கும், அதை 2.5-ஆல் பெருக்கினால் உப்பு. மெஸ் சாப்பாட்டுக்கு லேபிள் ஏது? அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் உப்பே போடாமல் சாம்பார் வைத்து, நாலு பாத்திரமாகப் பிரித்து, வெவ்வேறு அளவு உப்பு போட்டு மாமாவிடம் கொடுத்தேன். லிட்டருக்கு 8 கிராம் போட்ட பாத்திரத்தை ருசித்துவிட்டு, "இதாம்ட்டீ மெஸ் சாம்பாரு" என்றார். சோதனைச்சாலை முறை இல்லைதான். ஆனால் முப்பது வருஷமாக அதே சாம்பாரைச் சாப்பிட்ட நாக்கு, அதை நான் நம்பினேன்.

காலையில் மெஸ்ஸில் நாலு இட்லி, சாம்பார், சட்னி: 3 கிராமுக்குக் கொஞ்சம் மேல். மத்தியானம் பார்சல் சாப்பாட்டில் சாம்பார், ரசம், பொரியல், உப்புப் போட்ட மோர் எல்லாம் சேர்ந்து 4 கிராம். அதோடு அறையில் அவர் வைத்திருக்கிற ஊறுகாயும் இரண்டு அப்பளமும் சேரும். ஊறுகாய் கெடாமல் இருப்பதே உப்பினால்தான், நூறு கிராமில் பத்து கிராமுக்குக் குறையாமல் இருக்கும், ஆக இரண்டு ஸ்பூன் தொட்டுக்கொண்டால் ஒரு கிராம் உள்ளே போயிற்று. அப்பளத்தில் உப்பு மட்டுமில்லை, அப்பளக்காரமும் சோடியம்தான், இரண்டு சேர்ந்து இன்னொரு கிராம். சாயங்காலம் கடைப் பஜ்ஜி அல்லது பிஸ்கட், முக்கால் கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி கெட்டில் தண்ணீரை ஊற்றி ஊறவைக்கிற நூடுல்ஸ், ஒரு பாக்கெட்டில் இரண்டு கிராமுக்கு மேல். அது சப்பென்று இருக்கிறதாம், அதனால் அதற்கும் ஊறுகாய். கூட்டினால் 13.

இந்தக் கணக்கைப் பார்த்தபோது எனக்கு உறைத்தது ஒன்று. மெஸ்காரர் போட்ட உப்பு 7 கிராம், அதுவே அதிகம், சரி. ஆனால் மிச்சம் 6 கிராமில் பெரும்பகுதி அந்த அறையில்தான் சேர்ந்தது, அடுப்பு இல்லாததால் சேர்ந்தது. தாளிக்க முடியாது, வதக்க முடியாது, சுடச்சுட எதையும் இறக்க முடியாது, அப்புறம் வெறும் சோற்றை ருசியாக்க ஒரு மனுஷனுக்கு என்னதான் இருக்கிறது? ஊறுகாய், அப்பளம், பொடி, மோர்மிளகாய், நெத்திலிக் கருவாட்டு வறுவல் பாக்கெட். எல்லாமே வெளியில் வைத்தால் கெடாது, எல்லாவற்றிலும் உப்பு அதிகம். மாமாவுக்கு நாக்கு ருசி கெட்டுவிட்டது என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். வயதானால் நாக்கு மழுங்குவது உண்மைதான், ஆனால் இங்கே சமையலின் வேலையை உப்பு பார்த்துக்கொண்டிருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாமா தூத்துக்குடிக்காரர். தாத்தா உப்பளத்தில் வேலை பார்த்தவர், வீட்டில் உப்பு காசு கொடுத்து வாங்கியதே இல்லையாம். "உப்பளத்துல பொறந்தவனுக்கு உப்ப அளந்து கொடுக்க வந்துட்டா" என்று என்னைப் பற்றிப் பக்கத்து அறைக்காரரிடம் சொல்லியிருக்கிறார்.

நான் செய்த தப்பு

கணக்கு எழுதுகிறவளுக்கு ஒரு செலவு அதிகம் என்று தெரிந்தால் கை சும்மா இருக்காது, ஒரேயடியாக அடித்துவிடத் தோன்றும். செப்டம்பர் முதல் வாரம் அறையில் இருந்த ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்து வந்துவிட்டேன். மெஸ்ஸை நிறுத்தினேன். உப்பில்லாத கஞ்சி, உப்பில்லாத பருப்பு, வேகவைத்த காய். மாமா எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மூன்றாவது வாரம் பக்கத்து அறைக்காரர் போன் செய்தார். சார் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார், எழுந்திருக்கத் தள்ளாடுகிறார், பேச்சும் கொஞ்சம் குழறுகிறது என்றார். ஓடினேன். பிரஷர் குறைந்திருந்தது, நல்லதுதானே என்று ஒரு நிமிஷம் முட்டாள்தனமாக நினைத்தேன். ரத்தப் பரிசோதனையில் சோடியம் 128. இருக்க வேண்டியது 135-லிருந்து 145. எடை 58-லிருந்து 55 கிலோவாக இறங்கியிருந்தது. அப்புறம்தான் தெரிந்தது, கஞ்சியைப் பாதி குடித்துவிட்டு மீதியைக் குழாயடியில் ஊற்றியிருக்கிறார், பசிக்கு டீயும் பன்னும், வெயிலுக்குத் தண்ணீர் மட்டும் நிறைய. சாப்பாடு குறைந்து, தண்ணீர் கூடி, மேலே சோடியத்தை வெளியே தள்ளுகிற மாத்திரையும் சேர்ந்தால் வயதானவர்களுக்கு இப்படி ஆகுமாம். தள்ளாட்டம், குழப்பம், கீழே விழுவது எல்லாம் அதில் வருவதுதான். இரண்டு நாள் படுக்கையில் வைத்திருந்து, அந்த மாத்திரையை நிறுத்தி வேறு ஒன்று கொடுத்தார்கள். டாக்டர் என்னைப் பார்த்து, "அஞ்சு கிராமுக்குள்ளன்னா பூஜ்யம்னு அர்த்தம் இல்லம்மா" என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

மாமா ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ ஆசையா செஞ்சு கொண்டாந்த, அத எப்படி நல்லாயில்லன்னு சொல்லுவேன்" என்றார்.

அதன் பிறகு கணக்கை மாற்றி எழுதினேன். முதல் வரி: மாமா வயிறு நிறையச் சாப்பிட வேண்டும். இரண்டாவது வரிதான் உப்பு. வாரா வாரம் எடை பார்ப்பதும் அன்றிலிருந்துதான்.

சிமிழ்

வீட்டில் ஒரு பழைய வெள்ளிக் குங்குமச் சிமிழ் இருந்தது, பாட்டியுடையது. அதில் தலைதட்டி அரை டீஸ்பூன் உப்பு போட்டால் சரியாக மூடுகிறது, தராசில் 2.5 கிராம். காலையில் மாமா தானே அளந்து நிரப்பிக்கொள்வார். அன்றைக்கு அறையில் சாப்பிடுகிற எல்லாவற்றுக்கும் அதுதான் உப்பு, எதில் எவ்வளவு போட்டுக்கொள்வது என்பது அவர் இஷ்டம், தீர்ந்தால் தீர்ந்தது. மத்தியானம் வெளியிலிருந்து வாங்குவதில் ஒன்றரை கிராம், பால், பிரெட், மற்றதில் இருப்பது அரை என்று வைத்தாலும் 5-க்குள் நிற்கிறது. உப்பை நான் பிடுங்கிவிட்டேன் என்கிற மனத்தாங்கல் அந்தச் சிமிழ் வந்த பிறகு போய்விட்டது. இப்போது அவர் பட்ஜெட் போடுகிறார்.

இதில் தற்செயலாகக் கண்டுபிடித்த ஒரு விஷயம் இருக்கிறது. ஒரே கஞ்சியை இரண்டு கிண்ணமாக வைத்தோம். ஒன்றில் ஒரு கிராம் உப்பைப் போட்டுக் கொதிக்கவிட்டது, இன்னொன்றில் உப்பில்லாமல் வெந்ததை எடுத்து, சாப்பிடும் முன் அரை கிராமை மேலே தூவியது. எது உப்பாக இருக்கிறது என்று கேட்டால் இரண்டாவதைத்தான் காட்டினார். மேலே இருக்கிற உப்பு முதலில் நாக்கில் படுகிறது, உள்ளே கரைந்தது அப்படியே விழுங்கப்பட்டுவிடுகிறது. அதனால் குக்கரில் உப்பே போடுவதில்லை, எல்லாம் தட்டுக்கு வந்த பிறகுதான்.

என்னதான் சாப்பிடுகிறார்

காலையில் பெரும்பாலும் அவல். கெட்டி அவல் ஒரு கப்பை அலசி, கெட்டிலில் கொதித்த தண்ணீரை அது முங்குகிற அளவுக்கு மட்டும் ஊற்றி ஐந்து நிமிஷம் மூடி வைத்தால் உதிரியாக ஊறிவிடும். எலுமிச்சம்பழம் பாதி பிழிந்து, வறுத்த உப்பில்லாத வேர்க்கடலை, பொடியாக நறுக்கிய இஞ்சி, கொத்தமல்லி, தேங்காய்ப்பல் இருந்தால் நாலு. மேலே சிமிழிலிருந்து ஒரு சிட்டிகை. தாளிப்பு இல்லையே என்று எனக்குத்தான் உறுத்தியது, அதனால் நான் ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்ன டப்பாவில் கடுகு, கறிவேப்பிலை, காய்ந்த மிளகாய், பெருங்காயத்தை எண்ணெயில் தாளித்தே கொடுத்துவிடுகிறேன், நான்கு நாள் தாங்குகிறது. அலுத்துப்போன நாளில் அதே அவலுக்குப் பாலும் வாழைப்பழமும். சைக்கிளில் இடியாப்பம் வந்தால் அதை வாங்கித் தேங்காய்த் துருவலும் நாட்டுச் சர்க்கரையும். இனிப்பாகச் சாப்பிடுகிற வேளைக்கு உப்பு கேட்காது என்பது எங்களுக்குத் தாமதமாகத்தான் புரிந்தது, மாமாவுக்குச் சர்க்கரை நோய் இல்லாததால் இது முடிகிறது.

மத்தியானச் சாப்பாட்டில்தான் உண்மையான வேலை. குக்கரின் அடியில் அரை ஆழாக்கு அரிசி. மேலே ஆவித் தட்டில் ஜாம்பஜாரில் அன்றைக்கு மலிவாகக் கிடைத்த காய், பரங்கியோ சௌசௌவோ பீன்ஸோ, அதன் நடுவில் ஒரு சின்னக் கிண்ணத்தில் ஒரு மணி நேரம் ஊறிய பாசிப்பருப்பும் ஒரு தக்காளியும். நன்றாகக் கழுவிய முட்டை ஒன்றை அரிசியோடு போட்டுவிட்டால் அதுவும் வெந்துவிடும். துவரம்பருப்பு இந்த முறையில் வேகாது, பார்த்துவிட்டோம். சுவிட்சைத் தட்டிவிட்டு அவர் நடையாய் மெஸ்ஸுக்குப் போய் அரைப் பார்சல் சாம்பாரும் பொரியலும் மட்டும் வாங்கி வருவார். வந்ததும் வெந்த பருப்பையும் காயையும் தக்காளியையும் கரண்டியால் மசித்து, அதில் அதே அளவு மெஸ் சாம்பாரை ஊற்றிக் கலக்கி, எலுமிச்சை நாலு சொட்டு. ஒரு பங்கு உப்பு இரண்டு பங்காகப் பிரிந்துவிட்டது, ஆனால் மசாலா வாசனையும் தாளிப்பும் மெஸ்காரர் உபயம். சாம்பாரை நீட்டுவது என்று இதற்கு மாமா பெயர் வைத்திருக்கிறார். என்னைக் கேட்டால் இந்த முழு முயற்சியிலும் உருப்படியான ஒரே யோசனை இதுதான், மற்றதெல்லாம் அதைச் சுற்றி வந்தவை.

மெஸ் மாஸ்டர் கும்பகோணம் பக்கத்துக்காரர். விஷயத்தைச் சொல்லி, பொரியலை மட்டும் உப்புப் போடுவதற்கு முன்னால் ஒரு கரண்டி எடுத்து வைக்க முடியுமா என்று கேட்டேன். "எங்க ஊர்ப் பக்கம் பெருமாளே உப்பில்லாமதான் சாப்பிடறார், உங்க மாமாவுக்குச் செய்யமாட்டேனா" என்றார். திருநாகேஸ்வரம் உப்பிலியப்பன் கோயிலைச் சொல்கிறார், அங்கே நைவேத்தியத்தில் உப்பு சேர்ப்பதில்லை. உப்புப் போட்டுச் சமைக்கத் தெரியாத சின்னப் பெண் என்று மார்க்கண்டேயர் தயங்க, பரவாயில்லை, உப்பில்லாததையே நான் ஏற்றுக்கொள்கிறேன் என்று பெருமாள் சொன்னதாகக் கதை. மாமாவிடம் இதைச் சொன்னால், "அவரு பெருமாளு, நான் புரூஃப் ரீடரு" என்கிறார். மாஸ்டர் வாரத்தில் நான்கு நாள் ஞாபகமாக எடுத்து வைக்கிறார், கூட்டமான நாளில் மறந்துவிடுவார், குறை சொல்ல முடியாது.

ஊறுகாயின் இடத்துக்குப் பொடி வந்தது. துவரம்பருப்பு, பொட்டுக்கடலை, மிளகு, சீரகம், பூண்டு, கறிவேப்பிலை, காய்ந்த மிளகாய், எல்லாம் வாணலியில் நிதானமாக வறுத்து அரைத்தது, உப்பில்லாமல். இன்னொன்று எள்ளுப் பொடி. ஈரம் படாமல் இருந்தால் மூன்று வாரம் வெளியிலேயே இருக்கும். உப்பில்லாத பருப்புப் பொடியை யார் தின்பார்கள் என்று எனக்கே சந்தேகம்தான், ஆனால் பூண்டும் மிளகும் கொஞ்சம் தூக்கலாக, பருப்பைச் சிவக்கச் சிவக்க வறுத்தால் நெய்யோடு பிசையும்போது அந்தக் குறை பாதி தெரிவதில்லை. மோர் வெறும் மோர்தான், இஞ்சியும் கறிவேப்பிலையும் கசக்கிப் போட்டு. ஃப்ரிட்ஜ் இல்லாததால் காலையில் வாங்கிய தயிர் மத்தியானத்துக்கே புளித்துவிடும், முன்னெல்லாம் அதற்காகச் சலித்துக்கொள்வார், இப்போது அந்தப் புளிப்புதான் உப்பில்லாத மோரைக் குடிக்க வைக்கிறது.

அப்பளத்தின் மொறுமொறுப்புக்கு ஈடு தேடித்தான் ரொம்பச் சிரமப்பட்டோம். பொரி கொடுத்தேன், அப்புறம் விசாரித்தால் பெரும்பாலும் உப்புத் தண்ணீர் தெளித்துத்தான் அதைப் பொரிக்கிறார்கள். கடைசியில் பொட்டுக்கடலை, வெள்ளரிப் பிஞ்சு. இதில் மாமாவுக்கு இன்னும் திருப்தி இல்லை, எனக்கும் இல்லை.

சாயங்காலம் மெரினா வரை நடப்பார். பஜ்ஜி நின்றுவிட்டது, சுண்டல் வாரம் ஒரு நாள், மற்ற நாள் குக்கரில் அவித்த வள்ளிக்கிழங்கோ வேர்க்கடலையோ ஒரு டப்பாவில் கையோடு போகும். ராத்திரி அரிசியும் பாசிப்பருப்பும் மிளகும் சீரகமும் சேர்த்துக் குழைய வெந்த கஞ்சி, ஒரு ஸ்பூன் நெய், சிமிழில் மிச்சம் இருப்பது. மாதம் ஒரு ஞாயிறு எங்கள் வீட்டில் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. கருவாட்டை இரண்டு முறை வெந்நீரில் ஊறவைத்துக் கசக்கிக் கழுவினால் உப்பு கொஞ்சம் போகும், முழுக்கப் போகாது, அதனால் அன்றைக்குச் சிமிழ் காலி. இது டாக்டருக்கும் தெரியும்.

தலையணைக்குக் கீழே இருந்தது

அக்டோபர் கடைசியில் ஒரு குழப்பம். எல்லாம் கணக்குப்படி போகிறது, எடையும் ஏறுகிறது, ஆனால் பிரஷர் 154-லேயே நிற்கிறது. நோட்டைப் புரட்டினேன், தப்பில்லை. படுக்கை விரிப்பை மாற்றும்போதுதான் பார்த்தேன், தலையணைக்குக் கீழே வாயு உபத்திரவத்துக்குத் தண்ணீரில் கலக்கினால் நுரைத்துப் பொங்குகிற பொடி பாக்கெட் ஏழெட்டு. தினமும் ராத்திரி ஒன்று, சில நாள் இரண்டு. நோட்டில் ஏன் எழுதவில்லை என்றால், "அது மருந்துல்லா, சாப்பாடா?" என்றார். நியாயமான கேள்வி. அந்தப் பொடியின் முக்கியச் சரக்கு சோடியம் பைகார்பனேட், அதாவது ஆப்ப சோடா. ஐந்து கிராம் பாக்கெட் ஒன்றில் ஏறக்குறைய இரண்டு கிராம் உப்புக்குச் சமமான சோடியம். உப்புக் கரிக்காது, அதனால் யாருக்கும் தோன்றாது. தண்ணீரில் கரைகிற காய்ச்சல், வலி மாத்திரைகள் பலவற்றிலும் இதே சங்கதி. டாக்டரிடம் சொல்லி வேறு மருந்து வாங்கினோம், ராத்திரிக் கஞ்சியை எட்டு மணிக்கு முன்னால் முடிக்கச் சொன்னார், வாயு பாதி அதிலேயே அடங்கிவிட்டது.

அதே சமயத்தில்தான் பக்கத்து அறைக்காரர் நல்ல மனசோடு இரண்டு உப்பு வாங்கிக் கொடுத்தார். ஒன்று இந்துப்பு. நிறம்தான் இளஞ்சிவப்பு, பிரஷருக்கு அதுவும் சாதா உப்பும் ஒன்றுதான், பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடு. பற்றாக்குறைக்கு, பெரும்பாலும் அயோடினும் சேர்த்திருக்காது. இன்னொன்று சோடியம் குறைத்த உப்பு, பாதிக்கு மேல் இல்லாவிட்டாலும் கணிசமாகப் பொட்டாசியம் குளோரைடு கலந்தது. இதை வெறும் வியாபாரம் என்று தள்ள முடியாது. சீனாவில் 600 கிராமங்களில் கிட்டத்தட்ட 21,000 பேரை எடுத்து, பாதிக் கிராமங்களுக்கு மட்டும் கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைக் கொடுத்து ஏறக்குறைய ஐந்து வருஷம் பார்த்த ஆய்வு 2021-இல் வந்தது, அந்த உப்பு வாங்கியவர்களிடம் பக்கவாதம் மற்றவர்களைவிட 14 சதவீதம் குறைந்திருந்தது. 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமும் இதைப் பரிந்துரைத்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இல்லை என்று அதிலேயே விலக்கு இருக்கிறது. மாமாவுக்குக் கிரியேட்டினின் 1.5, அதோடு டெல்மிசார்டன், அந்த மாத்திரையும் பொட்டாசியத்தை உடம்பில் தேக்குகிற ரகம். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பிலேயே கை வைத்துவிடும். டாக்டர் பாக்கெட்டைப் பார்த்ததும் வேண்டவே வேண்டாம் என்றார். அது இப்போது என் வீட்டில், எங்களுக்கெல்லாம் சிறுநீரகம் நன்றாக இருப்பதால், செலவாகிக்கொண்டிருக்கிறது.

டிசம்பர் மூன்றாவது வாரக் கணக்கு: பிரஷர் 136/80. பாத வீக்கம் இல்லை. ரத்த சோடியம் 137. எடை 57.5. இதில் உப்புக்கு எவ்வளவு பங்கு, மாற்றிய மாத்திரைக்கு எவ்வளவு, நுரைக்கிற பொடி நின்றதற்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது, மூன்றும் ஒரே காலத்தில் நடந்தவை. நாக்கு மாறியது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. முதல் மூன்று வாரம் ஒவ்வொரு வேளையும் பஞ்சாயத்து, ஆறாவது வாரத்துக்கு மேல் புகார் இல்லை, ஒரு நாள் மெஸ்ஸிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு ராத்திரி முழுக்கத் தண்ணீர் தவித்ததாக அவரே நோட்டில் எழுதியிருந்தார்.

குக்கர் போன கதை

இத்தோடு முடித்திருப்பேன். ஜனவரியில் மேன்ஷனில் எங்கோ ஒரு ஒயர் கருகியது, மாமாவின் மாடியில்கூட இல்லை. மேனேஜர் அறைக்கு அறை வந்து, இனி யாரும் சமைக்கக் கூடாது, ரைஸ் குக்கரை எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். கெட்டில் மட்டும் இருக்கலாமாம், காபி போட. அந்தக் குக்கர் 400 வாட், கெட்டில் 1500 வாட். சொல்லிப் பார்த்தேன். "குக்கர்னா சமையல் மேடம், கெட்டில்னா வெந்நீர்" என்றார், அதற்கு மேல் என்ன பேசுவது.

அதனால் இப்போது வாய் அகலமான ஒரு ஃபிளாஸ்க் வாங்கியிருக்கிறோம். முதல் நாள் அரிசி நொய்யும் பாசிப்பருப்பும் போட்டு, கொதிக்கிற தண்ணீர் ஊற்றி, மூடி இரண்டு மணி நேரம் வைத்தார். நொய் நடுவில் கல்லாக இருந்தது, பருப்பு வேகவே இல்லை, அன்றைக்கு மெஸ் இட்லிதான். மறுநாள் இரண்டையும் இரண்டு மணி நேரம் முன்கூட்டியே ஊறவைத்தோம். ஃபிளாஸ்க்கை முதலில் வெறும் வெந்நீரால் நிரப்பிப் பத்து நிமிஷம் சூடாக்கிக் கொட்டினோம். அப்புறம் ஊறியதைப் போட்டு ஒரு தரம் கொதிநீர் ஊற்றி வடித்துவிட்டு, மறுபடி தளதளவென்று கொதிக்கிறதை ஊற்றி மூடி, பழைய துண்டால் சுற்றிக் கட்டிலின் மேல் வைத்தார். இரண்டரை மணி நேரம். திறந்தபோது ஆவி வந்தது, நொய் விரலில் நசுங்கியது, பருப்பு மட்டும் கொஞ்சம் பல்லில் பட்டது. மிளகையும் சீரகத்தையும் டம்ளரின் அடியால் நுணுக்கிப் போட்டார், நெய் விட்டார், சிமிழைத் திறந்து இரண்டு விரலால் ஒரு சிட்டிகை எடுத்து மேலே தூவினார். காய்க்கு என்ன செய்வது என்று இன்னும் தெரியவில்லை, இந்த வாரம் கேரட்டைத் துருவி ஃபிளாஸ்க்கிலேயே போட்டுப் பார்க்கப் போகிறோம்.